ஒரே எழுத்துக்கு இரண்டு பெயர்

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தபோது அவனுக்கு வைத்த பெயர் மூக்கையா. கண்டியில் கடை போட்டபோது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் முகுந்தன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னாலுள்ள சந்தில், சப்பாத்துக் கடையின் மேல்மாடியில், 'முகுந்தன் கிராபிக்ஸ்' என்று பலகை தொங்கியது. அடையாள அட்டையில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடியில் சிப்பாய் அதை உரக்க வாசிக்கும்போது, வரிசையில் தெரிந்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். நாம் அவனை மூக்கையா என்றே அழைப்போம். இந்தக் கதையில் ஏற்கெனவே வேண்டிய அளவு பெயர் மாற்றியாயிற்று.

அவன் முதலில் அச்சுக்கோப்பாளனாகத்தான் கண்டிக்கு வந்தான். அந்த அச்சகத்தில் அவனுக்குப் பக்கத்து எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று ஈய எழுத்துப் பொறுக்கியவன் கலகெதரக்காரன் நளீர். மூக்கையாவைவிட ஐந்தாறு வயது மூத்தவன்; அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் மூக்கையா அவனைக் கூப்பிடுவான். இருவரும் கல்யாண அழைப்புக் காட்டையும் மரண அறிவித்தலையும் ஒரே வேகத்தில் கோப்பார்கள். பிழை விட்டால் பழியை மாறி மாறி ஏற்றுக்கொள்வார்கள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அச்சகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஈய எழுத்தெல்லாம் உருகி வாய்க்கால்வரை ஓடிக் கட்டியாகக் கிடந்தது. நளீர் சவூதிக்குப் போனான். மூக்கையா சில காலம் தோட்டத்தில் பதுங்கியிருந்துவிட்டு, மறுபடி டவுனுக்கு வந்து தட்டச்சு, போட்டோகொப்பி என்று கிடைத்த வேலையைச் செய்தான்.

தொண்ணூற்று மூன்றில் நளீர் ஒரு கணினியோடு திரும்பி வந்தான். கலகெதரயில் சின்னதாக ஒரு கடை போட்டான். அப்போது புழக்கத்திலிருந்த தமிழ் எழுத்துருக்கள் எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. "இது எழுத்தா, வளஞ்ச கம்பியா?" என்பான். எரிந்துபோன அச்சகத்தில் அடித்த பழைய கல்யாணக் காட்டுகளை வீடு வீடாகத் தேடி எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, கணினியில் கோடு கோடாக வரைந்தான். இரண்டு வருஷம் பிடித்தது. முடிந்ததும் அதற்குத் தன் மகளின் பெயரை வைத்தான்: சகீனா. ஒரு டிஸ்கில் போட்டு மூக்கையாவிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஒனக்கு மட்டுந்தான். நீயும் அந்தப் பெட்டிக்கு முன்னால நின்டவன். வேற ஒருத்தருக்கும் குடுக்காத," என்றான்.

மூக்கையா கொடுக்கவில்லை. அந்த மட்டில் சொல் காத்தான். ஆனால் அந்த எழுத்தில் அடித்த காட்டுகளைப் பார்த்துவிட்டுச் சனம் அவன் கடையைத் தேடி வரத் தொடங்கியது. குருநாகலிலிருந்து வந்த ஒருவர், "நல்லா இருக்கே, இந்த எழுத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டார். மூக்கையா யோசிக்கவேயில்லை. "முகுந்த்," என்றான். "நாங்களே வரஞ்சது."

வாயைவிட்டு வந்தபிறகு அதை உண்மையாக்க வேண்டியிருந்தது. எழுத்துரு திருத்தும் மென்பொருள் ஒன்று கொழும்பிலிருந்து வந்த களவு சீடியில் இருந்தது. அதில் பெயருக்கென்று ஒரு கட்டம். சகீனா என்பதை அழித்து முகுந்த் என்று அடித்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நளீர் இரண்டு வருஷம் குனிந்திருந்ததை நினைத்தபோது மனம் கொஞ்சம் குறுகுறுத்தது. அது எரிந்த அச்சகத்தின் எழுத்துத்தானே, நானுந்தானே அதைக் கையால் பொறுக்கினேன், என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானத்தில் ஒரு துளி நியாயமும் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவனே சீக்கிரம் கைவிட்டிருப்பான்.

காட்டுகளின் அடியில் 'முகுந்த் எழுத்து, எம்மிடம் மட்டும்' என்று பொடி எழுத்தில் போடத் தொடங்கினான். அப்படியொரு காட்டு கலகெதரக்கே போய்ச் சேர்ந்தது. 'ழ'வின் வாலில் நளீரின் கை ஓரிடத்தில் வழுக்கியிருந்தது, திருத்தாமல் விட்டிருந்தான். அந்த வழுக்கலும் அப்படியே காட்டில் இருந்தது.

நளீர் வந்து கடை வாசலில் நின்று கத்தினான். கீழிருந்து சப்பாத்துக் கடைக்காரர்கூட மேலே ஏறி வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு மாதம், சந்துமுனைத் தேத்தண்ணிக் கடையில் இதே பேச்சு. கணினியைத் தொட்டுப் பார்த்திராதவர்களிடந்தான் அபிப்பிராயம் நிறைய இருந்தது.

"உள்ளுக்கு ஓடுற வின்டோசே களவு சீடி. அதுல ரெண்டு பேரும் எழுத்துக்குச் சண்ட போடுறாங்க," என்றார் ஒருவர்.

"கொப்பி அடிச்சா ஒன்னும் கொறையாதுங்க. அவரோடது அவர்ட்டயேதான் இருக்கு," என்றார் மற்றவர்.

"கொப்பி அடிச்சதுக்கு யார் என்ன சொன்னது? பேர மாத்தினான் பாரு, அதுதான் பெழ. நாளைக்கு ஒன்ட பீடிக்கு நான் என்ட மார்க்க ஒட்டினா நீ சும்மா ஈப்பியா?" என்றார் பீடிக் கடைக்காரர்.

வழக்கறிஞரின் எழுதுநர் ஒருவரும் அங்கே தேத்தண்ணி குடிப்பவர். வியாபாரக் குறி என்பது பெயருக்குத்தான், எழுத்தின் வளைவுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது, ஆனால் இலங்கையில் எதற்கும் வழக்குப் போடலாம், என்று அவர் விளக்கினார். நளீர் அதைப் பிடித்துக்கொண்டு வழக்கறிஞர் மூலம் ஒரு கடிதம் அனுப்பினான். மூக்கையாவும் சளைக்கவில்லை. ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தான். 'முகுந்த் என்னும் எழுத்துருவை நானே என் கையால் எட்டு மாதங்கள் உழைத்து வரைந்தேன். நளீர் என்பவரின் எழுத்துருவுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.' கையெழுத்துப் போடும்போது எந்தப் பெயரில் போடுவது என்று ஒரு கணம் தடுமாறி, மூக்கையா என்றே போட்டான். கை நடுங்கவில்லை. பின்னாளில் அதை நினைத்துத்தான் கூசினான்.

இனி ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துக் கணினிக்குத் தமிழ் தெரியாது. 'அம்மா' என்று தமிழில் அடித்தால், அது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துரு இருந்தால் அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டிக் காட்டும். அதே பெயரில் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலோ, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கட்டி, எந்தப் பாஷையும் இல்லாத ஒன்றாகத் தெரியும். அதனால்தான் டிஸ்கில் ஒரு கோப்பைக் கொடுக்கும்போது எழுத்துருவையும் கூடவே போட்டுக் கொடுப்பது தொழில் வழக்கம். வருஷக்கணக்காக அடித்துப் பழகியவர்கள் அந்தக் குழப்பத்தையும் வாசிப்பார்கள். விசைப்பலகை அவர்கள் விரலில் இருப்பதால், எம் என்று கண்டால் அ என்று மனம் சொல்லிவிடும். நளீருக்கு அது முடியும். மூக்கையாவுக்கும் முடியும்.

தொண்ணூற்றெட்டு மார்ச். ஜனவரியில் கண்டியில் குண்டு வெடித்திருந்தது. அதற்குப் பிறகு தமிழில் பேசிக்கொண்டு தெருவில் நடக்கவே ஆட்கள் பயந்தார்கள். பிலிமத்தலாவையில் குடியிருந்த விவேகானந்தன் மாஸ்டர், யாழ்ப்பாணத்து மனுஷன், ஆண்டு எட்டுக்குத் தமிழ் வினாத்தாள் அடிக்க மூக்கையாவிடந்தான் எப்போதும் வருவார். அந்தச் சனிக்கிழமை வந்தபோது மூக்கையாவின் பிரிண்டர் பழுது.

"பரவாயில்லை, டிஸ்கிலை போட்டுத் தாரும். எங்கடை பக்கத்திலை ஒரு சிங்களப் பொடியன் கடை வைச்சிருக்கிறான். அங்கை எடுப்பன்," என்றார் மாஸ்டர்.

மூக்கையா கோப்பை டிஸ்கில் போட்டான். எழுத்துருவையும் போடப் போனான். கை நின்றது. டிஸ்க் பிலிமத்தலாவைக்குப் போகிறது. அங்கிருந்து யார் கையில் போய்ச் சேருமோ? முகுந்தும் சகீனாவும் ஒன்றே என்பதற்கு நளீருக்கு வேண்டியிருந்த அத்தாட்சி அந்தச் சின்னக் கோப்புத்தான். போடாமல் விட்டான்.

"அங்க தமிழ் ஃபொன்ட் எதுனா இருக்கும் சேர். சரியா வந்துரும்," என்றான்.

வராது என்று அவனுக்குத் தெரியும். வரவில்லை என்று திங்கட்கிழமை திரும்பி வருவார், பிரிண்டரும் திருந்திவிடும், இங்கேயே எடுத்துக்கொடுக்கலாம், என்று கணக்குப் போட்டான். ஒருவரை வீணாக அலைய வைக்கிறோம் என்பதைத் தவிர வேறு குற்றம் எதுவும் அப்போது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் பன்னிரண்டு பக்கமும் எடுத்தார். கடைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. இப்படித்தான் வருகிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி லீலாதேவியிடம் காட்டி, "இதென்ன கூத்து! முகுந்தனிட்டைக் கேட்டுக்கொண்டு வாறன்," என்று முதல் பக்கத்தை மேசையில் விட்டுவிட்டு, மற்றப் பக்கங்களையும் டிஸ்கையும் பைக்குள் வைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினார். வழியிலிருந்த சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பையைச் சோதித்தார்கள்.

தமிழ் வினாத்தாள் என்றார் மாஸ்டர். தாளில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கிலம் தெரிந்த அதிகாரி வந்து பார்த்து, இது ஆங்கிலமும் இல்லை என்றார். வினா இலக்கங்கள் திகதிகள் போல இருந்தன. வாசித்துக் காட்டு என்றார்கள். மாஸ்டரால் ஒரு சொல்கூட வாசிக்க முடியவில்லை. இரகசியக் குறியீடு என்று எழுதிக்கொண்டு அவரைக் கூட்டிப் போனார்கள்.

அன்று பின்னேரமே சிவில் உடையில் இருவர் மூக்கையாவின் கடைக்கு வந்தார்கள். ஒருவர் கையிலிருந்த தாளை மேசைமேல் போட்டு, இது உன் கடையில் அடித்ததா, என்று சிங்களத்தில் கேட்டார். மூக்கையா குனிந்து பார்த்தான். நாலாவது வினா. 'பின்வரும் சொற்களுக்கு எதிர்ச்சொல் எழுதுக.' ஒரு மூச்சில் வாசித்துவிட்டான். கண் தானாகவே கீழே போய், 'நன்மை, இருள், நண்பன்' என்றும் வாசித்தது.

"நான் அடிக்கிறது தமிழில," என்று சுவரில் ஒட்டியிருந்த காட்டைக் காட்டினான். "இது தமிழ் இல்லையே சேர். என்னோட பிரிண்டரும் ஒரு கிழமையா வேலை செய்யல."

பிரிண்டரைப் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்யவில்லை. அடையாள அட்டையைக் கேட்டார்கள். பலகையில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் ஏன் என்று முறைத்தார்கள். வியாபாரத்துக்காக என்றான். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, மாஸ்டரின் கோப்பைத் தன் கணினியிலிருந்தும் அழித்தான். ஏன் அழித்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பயம் என்று சொல்லலாம். அந்த வருஷத்தில் பயப்படாத தமிழன் கண்டியில் இல்லை. ஆனால் திரையில் தமிழைக் காட்ட வேண்டுமானால் முகுந்தைத் திறந்து காட்ட வேண்டும், காட்டினால் கதை வெளியே போகும், சத்தியக்கடதாசி சந்திக்கு வரும் என்றும் நினைத்தான். பயம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று அவனால் பிரித்துப் பார்க்கவே முடிந்ததில்லை.

மூன்றாம் நாள் லீலாதேவி வந்தாள். அரசாங்கக் கந்தோரொன்றில் லிகிதராக இருப்பவள்; ஒருநாளும் குரல் உயர்த்தாதவள். வீட்டு மேசையில் கிடந்த அந்த முதல் பக்கத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"தம்பி, இவரைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். இது நீங்கள் அடிச்சுக் குடுத்த பேப்பர்தானே? இது என்ன எண்டு ஒருக்கா வந்து சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

மூக்கையா தாளை வாங்கினான். மேல் வரி: வீ, வை, அரைப்புள்ளி, வை, எச். 'எல்லா வினாக்களுக்கும் விடை தருக.' அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளைக்கு முன்னால் தமிழ் இல்லை என்றவன், இன்று போய்த் தமிழ்தான் என்று சொன்னால் என்ன ஆகும்? முதலில் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். ஒரு பொய்யை மூட இன்னொன்று தேவைப்பட்டது.

"எனக்கு விளங்கலங்க அக்கா," என்றான். "வைரஸ் வந்திருக்கும். டிஸ்க்குக்கு வைரஸ் பிடிச்சா இப்படித்தான் ஆகும். யாராலயும் வாசிக்க ஏலாது."

லீலாதேவி அந்தச் சொல்லைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். நேரே பொலிசுக்குப் போய், வைரஸ், வைரஸ் என்று சொல்லியிருக்கிறாள். அங்கிருந்தவருக்குக் கணினி வைரஸ் பற்றி எதுவும் தெரியாது. என்ன வைரஸ், எங்கே பரப்பப் போகிறார்கள், குடிதண்ணீரிலா, என்று கேட்டு அதையும் எழுதினார். அதுவரை சந்தேகக் கேஸாக இருந்தது பெரிய கேஸாகி, மாஸ்டரை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். லீலாதேவியைப் பார்க்கவும் விடவில்லை.

இதெல்லாம் தேத்தண்ணிக் கடை வழியாக மூக்கையாவின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில், இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பான். சட்டையை மாற்றுவான். மணிக்கூட்டுக் கோபுரம்வரை நடப்பான். அங்கே நின்று, ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் போகலாம், நாளைக்குப் போகலாம், இன்று வெள்ளிக்கிழமை, என்று ஏதாவதொன்று தோன்றும். திரும்பி வந்து காட்டு அடிப்பான். மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் மாற்றி அடித்து ஏச்சு வாங்கினான். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினாறு நாள் இப்படியே போயிற்று. அவ்வளவு நாளும் ஒரு மனிதன் உள்ளே இருந்தான், அவன் வாயிலிருந்து வரவேண்டிய ஒரே வாக்கியத்துக்காக.

லீலாதேவி சும்மா இருக்கவில்லை. கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, கணினிப் பலகை தொங்கிய கடையெல்லாம் ஏறி இறங்கினாள். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாவத்தகமை. பத்தொன்பதாம் நாள் கலகெதரக்குப் போனாள். நளீர் தாளைக் கையில் வாங்கி, நின்ற நிலையிலேயே மேலிருந்து கீழ்வரை மளமளவென்று வாசித்தான். "இது சோதனப் பேப்பர். ஆண்டு எட்டு. ஏன், இதுக்கு என்ன?" என்றான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

மறுநாள் நளீர் தன் கணினியை, பெட்டியும் திரையுமாக, ஒரு திரீவீலில் ஏற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனான். அவர்கள் முன்னால் டிஸ்கைத் திறந்தான். எல்லாவற்றையும் தெரிவுசெய்து, எழுத்துருவின் பெயரைச் சகீனா என்று மாற்றினான். திரை முழுக்கத் தமிழ். தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். எதிர்ச்சொல், ஒத்த கருத்துச் சொல், கட்டுரைக்கு ஐந்து தலைப்பு. ஒருவர் சிரித்தும்விட்டாராம்.

அன்று பின்னேரம் நளீர் மூக்கையாவின் கடைக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கீழே திரீவீல் காத்துக்கொண்டு நின்றது.

"மாஸ்டர நாளைக்கு உடுவாங்க," என்றான்.

மூக்கையா எழுந்து வாசலுக்கு வந்தான். "நளீர் நானா..."

"பேசாத. நான் செல்றத கேளு. கோப்புல முகுந்த் என்டு ஈக்குது, நீ சகீனா என்டு மாத்தினா எப்பிடித் தமிழ் வருது என்டு கேட்டாங்க. ஒரே எழுத்துக்கு எதுக்கு ரெண்டு பேரு என்டு கேட்டாங்க. இப்ப ரெண்டு பேரு ஈக்கிறதெல்லாம் அவங்களுக்குச் சந்தேகந்தான். நீ களவெடுத்துப் பேர மாத்தின என்டு சென்னா ஒன்னப் புடிப்பாங்க. பலகையில முகுந்தன், அட்டையில மூக்கையா. அத விசாரிச்சு முடிய இன்னம் ஒரு மாசம். அது வரைக்கும் அந்த மனுசனும் உள்ளுக்கு. அதனால எழுத்து ஒன்டது என்டு எழுதிக் குடுத்துட்டேன். நான்தான் ஒன்கிட்ட இருந்து களவாக் கொப்பி அடிச்சி என்ட மகள்ட பேர வெச்சேன் என்டு கையெழுத்துப் போட்டேன்."

மூக்கையா கதவை முழுதாகத் திறந்து வழிவிட்டான்.

"இது தமிழ் இல்ல என்டு சென்னியாமே," என்றான் நளீர். "அதயும் கேட்டாங்க. இந்தக் கோலத்துல பாத்தா வரஞ்சவனுக்கே வெளங்காது என்டு சென்னேன். எழுத்துக்குக் கேஸ் இனி இல்ல. எழுத்து ஒன்டதுதான், வெச்சிக்க. ஒனக்காகச் செய்யல்ல மூக்கையா. அந்தப் பொம்புள வாசல்ல நின்டு அழுதிச்சி, அதுக்காகச் செஞ்சேன்."

படியிறங்கிப் போய்விட்டான். மூக்கையா பின்னால் ஓடி இரண்டு படி இறங்கினான். திரீவீல் புறப்படும்வரை அங்கேயே நின்றான். ஆசைப்பட்ட பெயர் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அரசாங்கக் கடதாசியில், சிங்களத்தில், முத்திரை குத்திக் கிடைத்துவிட்டது. அன்றே முகுந்த் என்ற பெயரைத் தன் கணினியிலிருந்து அழித்து, மறுபடி சகீனா என்றே வைத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

விவேகானந்தன் மாஸ்டர் வெளியே வந்த நாலாம் நாள், லீலாதேவியோடு கடைக்கு வந்தார். படி ஏறுவதற்கே நேரம் எடுத்தது. மெலிந்திருந்தார். வலக்கையின் இரண்டு விரல்கள் வீங்கி, மடங்காமல் நின்றன. மூக்கையா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு எதிரே நின்றான்.

"நன்றி சொல்லத்தான் வந்தனான்," என்றார் மாஸ்டர்.

"எனக்கு எதுக்குங்க சேர்..."

"இல்லையடாப்பா. உள்ளுக்குள்ளை என்னட்டை என்ன சொன்னவங்கள் தெரியுமே? 'உன்ரை முகுந்தன் இது தன்ரை வேலை இல்லை, தமிழே இல்லை எண்டு சொல்லிப்போட்டான், நீ பொய்யன்' எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவாங்கள். நான் நம்பேல்லை. முகுந்தன் அப்பிடிச் சொல்லுற ஆள் இல்லை, இவங்கள் என்னை உடைக்கப் பாக்கிறாங்கள் எண்டு எனக்குத் தெரியும். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

மூக்கையா தேத்தண்ணி வாங்கிவருகிறேன் என்று திரும்பினான்.

"இன்னொண்டு," என்றார் மாஸ்டர். "அந்த நளீர் உம்மடை எழுத்தைக் களவெடுத்தவன் எண்டு பொலிசிலை சொன்னவங்கள். அவன் செய்தது பிழைதான். எண்டாலும் அவன்தானே வந்து சொல்லி என்னை வெளியிலை எடுத்தவன். நீர் பெரிய மனசு பண்ணி அவனை மன்னிச்சுவிடும். எனக்காக."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் மனிதனுக்கு வாய்க்காது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. மாஸ்டரின் வீங்கிய விரல்கள் மேசை ஓரத்தில் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் வந்த சொல்லை மென்று விழுங்கினான்.

"மன்னிச்சிட்டேங்க சேர்," என்றான்.

மாஸ்டர் திருப்தியாகத் தலையாட்டினார். சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கத் தொடங்கினார். லீலாதேவி பின்தங்கினாள். அவர் காலடிச் சத்தம் பாதிப் படிவரை போனபிறகு, மூக்கையாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கலகெதர ஆள் தாளைக் கையிலை வாங்கின உடனை, நிண்டபடியே எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டார். அண்டைக்கு உங்களுக்கு வாசிக்கத் தெரியேல்லையோ தம்பி?"

மூக்கையா இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. சொல்லத் தெம்பு இல்லை.

"தெரிஞ்சிச்சுக்கா. மொதல் வரியே வாசிச்சேன். பொலிஸ் வந்தப்பவும் வாசிச்சேன். எழுத்தும் என்னோடது இல்ல, நளீர் நானாவோடது. நான்தான் களவெடுத்தேன்." படிப்பக்கம் ஓரடி வைத்தான். "இப்பவே கீழ வந்து சேர்கிட்டச் சொல்லிர்றேன்."

"வேண்டாம்," என்றாள் லீலாதேவி. குரல் உயரவேயில்லை. "இருபத்தொரு நாள் என்ன செய்தாங்கள் எண்டு எனக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லேல்லை. உங்களைப் பற்றித்தான் நல்லதாச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முகுந்தன் காட்டிக்குடுக்கேல்லை எண்டு இரவும் பகலும் அதைத்தான் சொல்லுறார். அது ஒண்டாவது அவருக்கு இருக்கட்டும். அதையும் நீங்கள் எடுத்துப்போடாதேங்கோ."

"அக்கா..."

"நல்லவனாவே இருங்கோ. அவருக்கு முன்னாலை," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த தவணைக்கும் விவேகானந்தன் மாஸ்டர் மூக்கையாவிடந்தான் வந்தார். பேனை பிடிக்கக் கை வளையவில்லை என்பதால் வினாத்தாளை எழுதிக்கொண்டு வரவில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வினாவாக அவர் சொல்லச் சொல்ல மூக்கையா அடித்தான்.